பிரேக் பிடிக்கத் தெரிந்தவருக்கே பதக்கம்!

சாய்வுச் சுவர் கிடையாது; குளிரூட்டும் இயந்திரமும் கிடையாது. காட்டுச் சாலையில் உறைந்த பனிக்கட்டி, ஒரு மரச் சறுக்குவண்டி, வரிசையாகக் கொண்டை ஊசி வளைவுகள்... ஆல்ப்ஸ் மலைக் கிராமங்கள் விடாமல் காப்பாற்றிவரும் இயற்கைப் பாதை லூஜ் பந்தயத்தின் கதை இது.

1883-ம் ஆண்டு, பிப்ரவரி 12. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலையூரிலிருந்து பக்கத்து ஊரான க்ளோஸ்டர்ஸுக்கு இறங்கும் சாலையில் அன்று ஒரு பந்தயம் நடந்தது. ஏழு நாடுகளைச் சேர்ந்த 21 பேர் கலந்துகொண்டார்கள். ஆளுக்கொரு சறுக்குவண்டியில் உட்கார்ந்து, பனி மூடிய அந்தச் சாலையில் 4 கிலோமீட்டர் தூரத்தைச் சறுக்கியே கடக்க வேண்டும். அதுதான் போட்டி.

முதலில் வந்தது யார்? ஒருவர் அல்ல, இரண்டு பேர்! இருவரும் எடுத்துக்கொண்ட நேரம் 9 நிமிடம் 15 நொடி. ஒருவர் ஜார்ஜ் ராபர்ட்சன்; ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மாணவர். இன்னொருவர் பீட்டர் மின்ஷ். க்ளோஸ்டர்ஸ் ஊரின் தபால்காரர். கடல் கடந்து வந்த மாணவரும் உள்ளூர் தபால்காரரும் வெற்றியைச் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால், அவர்களுடைய சராசரி வேகம் மணிக்கு 26 கிலோமீட்டர்தான். கொஞ்சம் வேகமாக மிதித்தால் சைக்கிளிலேயே போய்விடலாம். ஆனாலும், சறுக்குவண்டி விளையாட்டின் முதல் சர்வதேசப் பந்தயம் என்று இன்றைக்கும் சொல்லப்படுவது அதுதான்.

அந்த ஒரே சாலையிலிருந்து பின்னாளில் இரண்டு விளையாட்டுகள் கிளை பிரிந்தன. ஒன்று உலகப் புகழ் பெற்றது. ஒலிம்பிக்ஸ் மேடை ஏறியது. கோடிக்கணக்கில் பணம் கொட்டி அதற்குப் பாதை கட்டினார்கள். இன்னொன்று தபால்காரரின் சாலையை விட்டு நகரவே இல்லை. 140 ஆண்டுகளுக்குப் பிறகும் அது மலைச்சாலையிலேயே நடக்கிறது. அதற்கும் உலக சாம்பியன்ஷிப் உண்டு. உலகக் கோப்பை உண்டு. கொண்டாடப்படும் நாயகர்களும் நாயகிகளும் உண்டு. ஆனால், ஒலிம்பிக்ஸில் மட்டும் இடம் இல்லை.

ஒரு பெயர், இரண்டு விளையாட்டுகள்

லூஜ் என்பது பிரெஞ்சுச் சொல். சின்ன சறுக்குவண்டி என்று பொருள். குளிர்கால ஒலிம்பிக்ஸை டி.வி-யில் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி நினைவிருக்கும். உடலோடு ஒட்டிய உடையும் ஹெல்மெட்டும் அணிந்த வீரர் ஒருவர், வண்டியில் மல்லாந்து படுத்து, கால்களை முன்னே நீட்டி, வளைந்து வளைந்து போகும் பனிக்கட்டிப் பாதையில் மின்னல் மாதிரி பாய்வார். வளைவு வந்தால் பக்கவாட்டுச் சுவரில் ஏறி இறங்குவார்.

அது செயற்கைப் பாதை லூஜ். கான்கிரீட்டால் கட்டிய பாதை. உள்ளே குழாய்கள் பதித்து, ஃபிரிட்ஜில் நடப்பதைப்போல, இயந்திரத்தால் குளிர்வித்துப் பனிக்கட்டி உறைய வைத்திருப்பார்கள். வெளியே வெயிலடித்தாலும் உள்ளே ஐஸ் இருக்கும். வேகம் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டும். 1964-ம் ஆண்டு ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்ஸில்தான் லூஜ் முதன்முதலில் இடம்பெற்றது.

அந்த வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு. 2010-ம் ஆண்டு கனடாவில் வான்கூவர் ஒலிம்பிக்ஸ் தொடங்கவிருந்த நாளில், விஸ்லர் பாதையில் பயிற்சி செய்துகொண்டிருந்த ஜார்ஜியா நாட்டு வீரர் நோடார் குமரிதாஷ்விலி, கட்டுப்பாட்டை இழந்து பாதையிலிருந்து தூக்கி எறியப்பட்டு, இரும்புத் தூணில் மோதி உயிரிழந்தார். அவருக்கு வயது 21. அந்த நாளும் பிப்ரவரி 12. டாவோஸ் பந்தயம் நடந்து சரியாக 127 ஆண்டுகள்.

இயற்கைப் பாதை லூஜ் இதற்கு நேர் எதிரான திசையில் யோசிக்கிற விளையாட்டு. இதில் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் வரைதான் போகும். ஆனால், அந்த வேகத்தைத் தாங்கிப்பிடிக்கச் சுவர் இருக்காது. வீரர் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

புல் சுமந்த வண்டி

ஆல்ப்ஸ் மலை விவசாயிகளுக்குச் சறுக்குவண்டி என்பது விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை. கோடையில் உயரமான மலைச்சரிவுகளில் புல் அறுத்து, காயவைத்து, அங்கேயே மரக் கொட்டகைகளில் சேர்த்து வைப்பார்கள். குளிர்காலத்தில் கீழே தொழுவத்தில் நிற்கும் மாடுகளுக்கு அந்தப் புல் வேண்டும். செங்குத்தான சரிவில் தலைச்சுமையாக இறக்கினால் எத்தனை நடை நடப்பது? பனி விழுந்தபின் அதே சரிவு வழுக்குப் பாதையாகிவிடும். பெரிய சறுக்குவண்டியில் புல்லைக் கட்டி, முன்னால் ஒருவர் நின்று காலால் நிதானித்துக்கொண்டே இறக்கிவிடலாம். காட்டில் வெட்டிய மரங்களும் இப்படித்தான் ஊருக்கு வந்து சேர்ந்தன.

பாரம் ஏற்றிய வண்டியை மலையிலிருந்து இறக்குகிறவருக்கு வேகம் ஒரு பிரச்னையே இல்லை. அது தானாக வரும். நிறுத்துவதுதான் பிரச்னை. எந்த இடத்தில் வண்டியை இழுத்துப் பிடிப்பது, எந்த வளைவில் எந்தப் பக்கம் உடம்பைச் சாய்ப்பது என்பதெல்லாம் அவர்களுக்கு உயிர் சம்பந்தப்பட்ட அறிவு. இயற்கைப் பாதை லூஜ் பந்தயத்தில் இன்று தங்கப் பதக்கம் வாங்கித் தருவதும் ஏறக்குறைய அதே அறிவுதான்.

இன்றைக்கும் ஆஸ்திரியாவிலும் வட இத்தாலியிலும் சறுக்குவண்டி என்பது குடும்பத்தோடு ரசிக்கும் பொழுதுபோக்கு. விடுமுறை நாளில் வண்டியைக் கயிற்றில் கட்டி இழுத்தபடி மலைமேல் நடப்பார்கள். மேலே ஒரு குடிலில் சூடாக எதையாவது சாப்பிடுவார்கள். பிறகு, குழந்தையை முன்னால் உட்கார வைத்துக்கொண்டு கீழே சறுக்கி வருவார்கள். இப்படி அப்பா, அம்மாவின் மடியில் உட்கார்ந்து சறுக்கிப் பழகிய பிள்ளைகள்தான், வளர்ந்ததும் பந்தயப் பாதைக்கு வருகிறார்கள்.

சாலை, சாலையாகவே இருக்க வேண்டும்

இந்தப் பந்தயத்தின் விதிகளில் முக்கியமானவை, 'எதைச் செய்யக் கூடாது' என்று சொல்பவை.

முதல் விதி, வளைவுகளைச் சாய்வாகக் கட்டக் கூடாது. அதிவேக நெடுஞ்சாலைகளிலும் கார் பந்தய மைதானங்களிலும் வளைவின் வெளிப்பக்கத்தைச் சற்று உயர்த்திக் கட்டியிருப்பார்கள். வேகமாக வரும் வண்டி வெளியே வீசப்படாமல் அந்தச் சரிவு தாங்கிக்கொள்ளும். இங்கே அந்த உதவி கிடையாது. பாதை குறுக்குவாட்டில் சமதளமாகவே இருக்க வேண்டும்.

இரண்டாவது விதி, பாதையை இயந்திரத்தால் குளிரூட்டக் கூடாது. தண்ணீர் தெளிக்கலாம், பனியைக் கொட்டி அழுத்தலாம். ஆனால், அதை உறைய வைக்கும் வேலையை வானிலைதான் செய்ய வேண்டும்.

மற்றபடி, பாதை சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம் இருக்கும். இடப்பக்க வளைவு, வலப்பக்க வளைவு, அடுத்தடுத்து திசை மாறும் இரட்டை வளைவு, நேரான பகுதி, கொண்டை ஊசி வளைவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். பெரும்பாலும் இவை காட்டு இலாகாவோ, விவசாயிகளோ பயன்படுத்தும் மண் சாலைகள். குளிர்காலத்தில் உலக சாம்பியன்கள் பாய்ந்து இறங்கும் பாதையிலேயே, கோடையில் மரம் ஏற்றிய டிராக்டர் போகும். நடைப்பயணிகள் பேசிக்கொண்டே ஏறுவார்கள்.

கொண்டை ஊசியில் நடப்பது என்ன?

வண்டியைப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். கீழே இரண்டு நீளமான மரச் சறுக்குக் கட்டைகள். அவற்றின் அடியில் எஃகுப் பட்டை. இரண்டையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்கள். நடுவே உட்கார ஓர் இருக்கை. முன்னால் பிடித்துக்கொள்ள, கடிவாளம் மாதிரி ஒரு வார். அவ்வளவுதான். ஸ்டீயரிங் இல்லை; பிரேக் கட்டை இல்லை.

ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வீரரின் உடம்புதான்!

செயற்கைப் பாதையில் போல இவர்கள் முழுக்கப் படுத்துக்கொள்வதில்லை. பாதையைப் பார்க்க வேண்டும் என்பதால், பின்னால் சாய்ந்து உட்கார்ந்த நிலையில் ஓட்டுகிறார்கள். இடப்பக்கம் திரும்ப வேண்டுமா? வலக் காலால் வலப்பக்கக் கட்டையை உள்நோக்கி அழுத்த வேண்டும். வாரை இழுக்க வேண்டும். உடல் எடையை மாற்ற வேண்டும். தேவைப்பட்டால் ஒரு கையைப் பனிக்கட்டியில் ஊன்றித் தேய்க்க வேண்டும். இவை அத்தனையும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும்.

பிரேக்குக்கு ஷூ. அதன் அடியில் கூரான இரும்பு முட்கள் இருக்கும். பாதத்தைப் பனிக்கட்டியில் வைத்து அழுத்தினால் முட்கள் கீறிக்கொண்டு போகும். பனித்தூள் பொங்கி எழும். வண்டி வேகம் இழக்கும்.

இங்கேதான் இந்த விளையாட்டின் ருசி இருக்கிறது. செயற்கைப் பாதையில் ஓட்டுகிறவர் பந்தயத்தின் நடுவில் பிரேக்கைப் பற்றி யோசிப்பதில்லை. இயற்கைப் பாதையில் பிரேக் பிடிக்காமல் கீழே போய்ச் சேரவே முடியாது. மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால், நொடிக்கு 22 மீட்டர். அந்த வேகத்தோடு சமதளமான கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைந்தால், எஃகுப் பட்டையின் விளிம்பு பனிக்கட்டியைப் பிடித்து நிறுத்த முடியாது. வண்டி நேராகப் போய், வெளிப்பக்கம் அடித்து வைத்திருக்கும் பலகைத் தடுப்பில் மோதும்.

எனவே, எல்லோரும் பிரேக் பிடிக்கிறார்கள். கேள்வி, எப்போது என்பதுதான். சீக்கிரமே பிடித்தால் வேகம் வீணாகும். அதைவிட மோசம், வளைவை விட்டு வெளியே வரும்போது வண்டி தளர்ந்திருக்கும். அடுத்து வரும் நேர்ப் பாதை முழுக்க அந்த நஷ்டம் கூடவே வரும். தாமதமாகப் பிடித்தால் வண்டி வெளிப்பக்கம் அகன்று போய்விடும். பலகையில் உரசினாலே போதும், பதக்கம் போச்சு!

நேரத்தை நொடியில் நூறில் ஒரு பங்குவரை கணக்கிடுகிறார்கள். நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில், நூறில் ஒரு பங்கு நொடி என்பது 22 சென்டிமீட்டர். அதாவது, ஒரு சாண். ஒரு கிலோமீட்டர் தூரம் மலையிலிருந்து இறங்கிவந்த இருவருக்கு நடுவே வித்தியாசம் ஒரு சாண் தூரம் என்றால், எந்த வளைவில் யார் கால் ஒரு கணம் முந்தி ஊன்றியது என்பதுதான் தங்கத்தையும் வெள்ளியையும் பிரிக்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் இறங்கியதும் பாதை மாறிவிடுகிறது. முன்னால் போனவரின் ஷூ முட்கள் வளைவுக்கு முன்னால் பனிக்கட்டியைக் கீறி வைத்திருக்கும். வெயில் ஏறினால் மேற்பரப்பு இளகும். மேகம் மூடினால் இறுகும். காலையில் சரியாக இருந்த கணக்கு மதியம் தப்பாகிவிடும். உலக சாம்பியன்ஷிப்பில் ஒரே ஒரு முறை இறங்கி ஜெயித்துவிட முடியாது. பல முறை இறங்கி, எல்லாச் சுற்றுகளின் நேரத்தையும் கூட்டித்தான் முடிவு. மாறிக்கொண்டேயிருக்கும் பாதையை ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிக்கத் தெரிந்தவருக்கே வெற்றி.

இரவில் விளையும் பாதை

செயற்கைப் பாதையில் சுவிட்சைப் போட்டால் ஐஸ் வரும். இங்கே அதை ஊரே சேர்ந்து செய்ய வேண்டும்.

குளிர் இறங்கும் இரவுகளில் உள்ளூர் கிளப்பைச் சேர்ந்த தன்னார்வலர்கள் ஹோஸ் குழாய்களோடு மலைச்சாலையில் நிற்பார்கள். முதலில் பனியைப் பரப்பி அழுத்துவார்கள். அதன்மேல் தண்ணீரை மெல்லியதாகத் தெளிப்பார்கள். அது உறைந்ததும் அடுத்த அடுக்கு. ஒரேயடியாகத் தண்ணீரைக் கொட்டினால் சரியாக உறையாது. பொறுமையாக, அடுக்கடுக்காக, இரவு இரவாகச் செய்ய வேண்டிய வேலை அது. பகலில் வெயில் பட்டு இளகிய இடங்களை மறுநாள் இரவு மீண்டும் சரிசெய்ய வேண்டும். வளைவுகளில் பலகைத் தடுப்புகள் அடிக்க வேண்டும். பந்தய நாளன்று புதுப்பனி பெய்தால், விடிவதற்குள் பெருக்கித் தள்ள வேண்டும்.

இந்த உழைப்பு ஒவ்வோர் ஆண்டும் வசந்தத்தில் உருகி ஓடையில் கலந்துவிடும். அடுத்த குளிர்காலத்தில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆனால், இதில் ஒரு லாபமும் உண்டு. பாதைக்காக மலையில் நிரந்தரமாகக் கான்கிரீட் கொட்ட வேண்டியதில்லை. குளிரும், சரிவான ஒரு சாலையும், உழைக்க ஆட்களும் இருந்தால், ஒரு சின்ன கிராமமே உலக சாம்பியன்ஷிப்பை நடத்திவிடலாம். நடத்தியும் இருக்கிறார்கள்!

இன்சிங் முதல்...

சர்வதேச லூஜ் கூட்டமைப்பு 1957-ம் ஆண்டு டாவோஸில், அந்தப் பழைய பந்தயம் நடந்த அதே ஊரில், தொடங்கப்பட்டது. இயற்கைப் பாதைக்கான முதல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் 1970-ல் ஆஸ்திரியாவின் காப்ஃபென்பெர்க்கில் நடந்தது. முதல் உலக சாம்பியன்ஷிப் 1979-ல், ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் உள்ள இன்சிங் என்ற சின்ன ஊரில் நடந்தது.

அதன்பிறகு போட்டி நடந்த இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் மலைக் கிராமங்கள்தான். இத்தாலியின் மோஸ், லட்ஸ்ஃபோன்ஸ், டாய்ச்நோஃபென், ஆஸ்திரியாவின் உம்ஹவுசென், ஸ்லோவேனியாவின் ஷெலெஸ்னிகி என அந்தப் பட்டியல் நீள்கிறது. சில முறை ஆல்ப்ஸை விட்டு வெளியேயும் போயிருக்கிறது. 1998-ல் ஃபின்லாந்தின் ரௌடவாரா, 2007-ல் கனடாவின் கிராண்ட் ப்ரெய்ரி, 2017-ல் ருமேனியாவின் வட்ரா டோர்னெய். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நெகானி என்ற ஊரிலும், பூமியின் அந்தப் பக்கம் நியூசிலாந்தின் நேஸ்பியிலும்கூட இயற்கைப் பாதைகள் இருக்கின்றன.

ஆண்கள் ஒற்றையர், பெண்கள் ஒற்றையர், ஒரே வண்டியில் இருவர் செல்லும் இரட்டையர், குழுப் போட்டி என்று பல பிரிவுகள். பதக்கப் பட்டியலில் இத்தாலியின் கை ஓங்கியிருக்கும். ஆனால், வீரர்களின் பெயர்களைப் படித்தால் இத்தாலியப் பெயர் மாதிரியே இருக்காது. பாட்ரிக் பிக்னெட்டர், எவெலின் லான்தாலர், அலெக்ஸ் க்ரூபர் என எல்லாமே ஜெர்மன் வாசனை அடிக்கும் பெயர்கள்.

காரணம், வரலாறு. இவர்கள் வரும் தெற்கு டிரோல் பகுதி, முதல் உலகப் போர் முடியும்வரை ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. போருக்குப் பிறகு இத்தாலியோடு இணைக்கப்பட்டது. எல்லைக்கோடு மாறினாலும் மொழி மாறவில்லை. அங்கே பெரும்பான்மையோரின் தாய்மொழி இன்றைக்கும் ஜெர்மன்தான். சறுக்குவண்டியும் மாறவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியாவின் டிரோல். இந்தப் பக்கம் இத்தாலியின் தெற்கு டிரோல். ஒரே மலை, ஒரே மொழி, இரண்டு கொடிகள். அதனால்தான் இந்த இரண்டு நாடுகளுக்கும் நடுவே நடக்கும் போட்டியில், பங்காளிகள் மோதிக்கொள்வதைப்போல ஒரு தனி சூடு இருக்கிறது.

ஆஸ்திரியாவின் கெர்ஹார்ட் பில்ஸ் ஒரு காலத்தில் இந்த விளையாட்டின் முடிசூடா மன்னர். பிறகு வந்த பிக்னெட்டர், ஒற்றையரிலும் சரி, ஃப்ளோரியான் கிளாராவோடு சேர்ந்து இரட்டையரிலும் சரி, உலகப் பட்டங்களைக் குவித்தார். பெண்களில் எவெலின் லான்தாலர். தெற்கு டிரோலின் பாசையர் பள்ளத்தாக்கைச் சேர்ந்த இவர் பலமுறை உலக சாம்பியன். அவர் களத்தில் இருந்தால், மற்றவர்கள் இரண்டாம் இடத்துக்குத்தான் போட்டி போட வேண்டும் என்கிற அளவுக்குப் பல பருவங்கள் கோலோச்சியவர்.

ஆனால், இவர்களில் ஒருவர்கூட இந்த விளையாட்டுக்காக ஒலிம்பிக்ஸ் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டதில்லை. மாட்டிக்கொள்ள வாய்ப்பே இருந்ததில்லை.

மூடிய கதவு

2026 குளிர்கால ஒலிம்பிக்ஸ், இத்தாலியின் மிலானுக்கும் கோர்டினாவுக்கும் ஒதுக்கப்பட்டது. இயற்கைப் பாதை லூஜின் தாய்வீட்டு வாசலுக்கே ஒலிம்பிக்ஸ் வந்தது. கோர்டினா, தெற்கு டிரோலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஊர். அருகிலிருந்த மலைகளில் சரிவான சாலைகளுக்கும் பஞ்சமில்லை. அவற்றை உறைய வைக்கத் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை.

ஆனால், ஒலிம்பிக்ஸ் பட்டியலில் இருந்தது செயற்கைப் பாதை லூஜ் மட்டும்தான். கோர்டினாவில் இருந்த பழைய பாதை 2008-லேயே மூடப்பட்டுவிட்டது. எனவே, 10 கோடி யூரோவுக்கும் மேலான செலவில் புதிய பாதை ஒன்றைக் கட்டினார்கள். அதற்காக நூற்றுக்கணக்கான மரங்கள் வெட்டப்பட்டபோது எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. 'பக்கத்து நாட்டில் இருக்கும் பாதையைப் பயன்படுத்திக்கொள்ளலாமே' என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே யோசனை சொன்னது. இத்தாலி கேட்கவில்லை.

அந்த எதிர்ப்புக்கு ஒரு முன்கதை உண்டு. இதே இத்தாலியில், 2006-ல் டூரின் ஒலிம்பிக்ஸுக்காக செசானா என்ற இடத்தில் இப்படியொரு பாதையைப் பெரும் செலவில் கட்டினார்கள். பராமரிக்க முடியாமல் சில ஆண்டுகளிலேயே மூடிவிட்டார்கள்.

இயற்கைப் பாதைக்கு ஏன் கதவு திறக்கவில்லை? நியாயமான ஒரு காரணம் இருக்கிறது. பதக்கங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகின்றன. உலகம் முழுக்கப் பரவாத விளையாட்டை ஒலிம்பிக்ஸ் சேர்த்துக்கொள்ளத் தயங்குகிறது. ஒலிம்பிக்ஸில் இல்லை என்பதாலேயே அரசுப் பணமும் ஸ்பான்சர்களும் டி.வி-யும் வருவதில்லை. அவை வராததால் விளையாட்டு பரவுவதில்லை. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்!

இமயமலைச் சாலையில் ஓர் இந்தியர்

பாதை கட்டப் பணம் இல்லாத நாட்டில் பிறந்த ஒருவர் லூஜ் ஓட்ட ஆசைப்பட்டால் என்ன செய்வார்? அதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஷிவா கேசவன்.

மணாலி அருகே வளர்ந்தவர். அப்பா கேரளத்துக்காரர், அம்மா இத்தாலியர். 1998-ல் ஜப்பானின் நகானோவில் நடந்த ஒலிம்பிக்ஸில் லூஜ் போட்டியில் இந்தியாவுக்காகக் களமிறங்கியபோது அவருக்கு வயது 16. அதிலிருந்து 2018 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக்ஸ். ஆறு முறையும் அவர் போட்டியிட்டது செயற்கைப் பாதையில்தான். ஆனால், இந்தியாவில் அப்படியொரு பாதையே கிடையாது.

எனவே, அவர் சறுக்குவண்டிக்குச் சக்கரம் மாட்டினார். இமயமலைத் தார்ச்சாலைகளில் மல்லாந்து படுத்து, வாகனங்களுக்கு நடுவே வளைந்து நெளிந்து இறங்கிப் பயிற்சி எடுத்தார். அந்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. பலர் வியந்தார்கள். உண்மையில் அவர் செய்தது, க்ளோஸ்டர்ஸ் தபால்காரர் செய்ததைத்தான். மைதானம் இல்லாத இடத்தில் மலைச்சாலையே மைதானம். அப்படிப் பயிற்சி பெற்றவர் 2011-ல் ஜப்பானில் நடந்த ஆசியப் போட்டியில் தங்கம் வென்று வந்தார்.

கான்கிரீட் பாதை கட்ட முடியாத நாடுகளிலும் மலை இருக்கிறது, குளிர் இருக்கிறது, சாலை இருக்கிறது. இயற்கைப் பாதை லூஜை ஆதரிப்பவர்கள் சொல்லக்கூடிய வலுவான வாதம் இதுதான்.

குளிர் குறைந்தால்?

ஆனால், அந்த வாதத்தின் அடித்தளமே இப்போது இளகிக்கொண்டிருக்கிறது.

19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால், ஆல்ப்ஸ் பகுதியின் வெப்பநிலை சுமார் 2 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருக்கிறது. இது உலக சராசரியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பள்ளத்தாக்குகளில் பனி தாமதமாக வருகிறது, சீக்கிரம் போய்விடுகிறது. இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகாவிட்டால், எத்தனை தன்னார்வலர்கள் ஹோஸ் பிடித்து நின்றாலும் சாலையில் ஓடுவது தண்ணீர்தான். பனிக்கட்டி இல்லாமல் பந்தயங்கள் வேறு ஊருக்கு மாற்றப்படுவதும் ரத்தாவதும் இந்த விளையாட்டுக்குப் புதிதல்ல.

பனிச்சறுக்கு விளையாட்டுகளுக்குச் செயற்கைப் பனி தூவும் இயந்திரங்கள் வந்துவிட்டன. செயற்கைப் பாதை லூஜுக்குக் குளிரூட்டும் குழாய் இருக்கிறது. இயற்கைப் பாதைக்கு மட்டும், அதன் விதியே கையைக் கட்டியிருக்கிறது. குளிரூட்டல் கூடாது என்ற விதியைத் தளர்த்தினால் பந்தயம் பிழைக்கலாம். ஆனால், குழாய் பதித்த பிறகு அது காட்டுச் சாலையாக இருக்காது. செலவு ஏறும். சின்ன கிராமங்களால் தாங்க முடியாது. எதனால் இந்த விளையாட்டு எளியவர்களுக்கானதாக இருந்ததோ, அதுவே போய்விடும். விதியைத் தளர்த்தாவிட்டாலோ, உயரமான இடங்களைத் தேடி மேலே மேலே போக வேண்டியிருக்கும். அங்கேயும் எத்தனை காலத்துக்கு என்பது பனிக்குத்தான் தெரியும்.

வளைவுக்கு முன்னால் எப்போது பிரேக் பிடிப்பது என்பதை வாழ்நாள் முழுக்கப் படித்தவர்கள் இவர்கள். சீக்கிரம் பிடித்தால் நஷ்டம், தாமதித்தால் ஆபத்து என்பதை உடம்பால் அறிந்தவர்கள். ஆனால், பூமி சூடாகும் வேகத்துக்குப் பிரேக் பிடிக்க அவர்களுடைய ஷூ முட்கள் போதாது. அதற்கு அவர்களைத் தவிர மற்ற எல்லோருமே கால் ஊன்ற வேண்டும்.

அதுவரை அவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். டிசம்பர் பிறந்ததும் தெற்கு டிரோலிலும் டிரோலிலும் மலைக் கிராமத்து மனிதர்கள் தெர்மாமீட்டரைப் பார்க்கத் தொடங்குவார்கள். அது பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் முதல் இரவில், ஹோஸ் குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டு அந்தச் சாலையில் ஏறுவார்கள்.